லூசியானாவில் கவுண்டி இல்லை

தெமட்டகொடையில் இரவு இரண்டு மணி.
அங்கே இன்னும் நேற்று, பிற்பகல் மூன்றரை.
கண்ணாடிக்கு வெளியே ரயில்பெட்டிகள்
மழையில் கறுத்துக் கிடக்கின்றன.
காதுக் கருவியை மாட்டினால் நான் பென்னி.
கழற்றினால் பெனடிக்டா,
சவிரிமுத்துவின் மகள், கொட்டாஞ்சேனை.

புயல் காப்புறுதிப் பிரிவுக்கு ஆள் எடுத்த வாரம்
முதலில் சொல்லித் தந்தது இதைத்தான்:
லூசியானாவில் கவுண்டி இல்லை.
அங்கே பரிஷ். மொத்தம் அறுபத்து நான்கு.
பக்கத்து மேசை மஹேஷ் சிரித்தான்,
கோயில் கணக்கா, அரசாங்கக் கணக்கா என்று.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பங்கு என்றால் எனக்குத் தெரியும்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
சீதனத்துக்கு முன்னால் கேட்டதே
எந்தப் பங்கு என்றுதான்.

எங்கள் மொட்டைமாடியில் ஏறினால்
லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும்.
அந்தப் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை,
இது லூயி என்ற பிரெஞ்சு ராசாவுடையது.
ராசா போய்ச் சேர்ந்த பிறகு
வேறொருவர் வந்து நிலத்தை விற்றார்,
ஏக்கர் ஐந்து சதத்துக்கும் குறைவாக,
ஆயிரத்து எண்ணூற்று மூன்றில்.
அதற்கு முந்தின வருசம்
ஒல்லாந்தர் எங்கள் கரையை
ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
இரண்டு கடதாசியிலும்
குடியிருந்தவர்களின் ஒப்பம் இல்லை.
போனவர்கள் சட்டத்தை மட்டும் விட்டுப் போனார்கள்.
அங்கே வீட்டுச் சொத்து வழக்கில் பிரெஞ்சுக்காரனின் வாடை,
இங்கே புதுக்கடை நீதிமன்றத்தில்
இன்னும் ஒல்லாந்தன் இருமுகிறான்.

கம்போ என்றொரு குழம்பு.
வெண்டிக்காய்க்கு ஆப்பிரிக்காவில் வழங்கிய பெயராம்.
சங்கிலியோடு கப்பலில் இறக்கப்பட்டவர்களிடம்
பறிக்க முடியாமல் போன ஒரு சொல்.
என் சாப்பாட்டுப் பெட்டியிலும் வெண்டிக்காய்ப் பால்கறி.
ஆறிவிட்டது. பிறகு சாப்பிடலாம்.
சிவப்பு விளக்கு எரிகிறது.

செயின்ட் மார்ட்டின் பங்கிலிருந்து ஒருவர்.
பெயரை 'குயிட்ரி' என்று வாசித்தேன்.
'கிட்ரி' என்றார், களைத்த குரலில்,
ஆயுள் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பவர் போல.
கூரை போய்விட்டது. சதுப்புநீர் ஏறி
குளிர்சாதனப் பெட்டி அறைக்குள் மிதந்ததாம்.
விபூதிப் புதனுக்கு முந்தின நாள் கூத்துக்குத் தைத்த
முகமூடிகளும் போயிற்றாம்.
அதற்கு இழப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை.

உன் உச்சரிப்பு எங்கத்தையது என்றார்.
கொழும்பு என்றேன். சொல்லக் கூடாது, சொன்னேன்.
வீட்டில் பேசுவதும் இங்கிலீஷா?
இல்லை.
கொஞ்ச நேரம் கம்பியில் வெறும் இரைச்சல்.
என் அம்மா, என்றார்,
பள்ளிக்கூடத்தில் இருநூறு முறை எழுதினாள்,
'நான் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று.
அதையும் இங்கிலீஷில்.

நான் வத்தளைப் பொலிஸை நினைத்துக்கொண்டேன்.
கைப்பை பறிபோன அன்று
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
என் வாக்குமூலத்தை எழுதினார்கள்.
கீழே ஒப்பம் வைத்தேன்.
என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.
அதை அவருக்குச் சொல்லவில்லை.
அழைப்புகள் பதிவாகின்றன.

இனிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:
தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா?
மேலிருந்து என்றால் காற்று. காசு உண்டு.
கீழிருந்து என்றால் வெள்ளம்.
வெள்ளத்துக்கு வேறு பத்திரம்.
அவரிடம் அது இல்லை, திரையில் தெரிகிறது.
மெதுவாகக் கேட்டேன்.
மறுபடியும் கேட்டேன், இன்னும் மெதுவாக,
கூரை முதலில் போனதா, ஐயா.

அவர் பதில் சொன்னார்.
நீளமான பதில், முழுக்கப் பிரெஞ்சில்.
நடுவில் ஒருமுறை சிரித்தார், அல்லது மூக்கை உறிஞ்சினார்.
எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

கட்டத்தில் 'மேலிருந்து' என்று அடித்தேன்.
கவுண்டி என்று கேட்ட இடத்தில்
செயின்ட் மார்ட்டின்.
யார்டில் ஒரு எஞ்சின் உறுமத் தொடங்கியது.
பால்கறியில் ஆடை படிந்திருந்தது.